அரிசிப் பொதியை எண்ணுகிறோம், கியர் பொக்ஸின் சூட்டை யார் பார்ப்பது?

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம், கியர், ஒயில் என்று போகும். "மாஸ்டர்மாருக்கு இதில் என்ன வேலை" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாசியுங்கள். அடுத்த மழைக்கு முன் நாம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

மலைநாட்டில் அனர்த்தம் வந்தால் கொழும்பிலிருந்து முதலில் கிளம்புவது எமது பகுதி இளைஞர்கள்தான். 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கியபோதும் போனார்கள். 2025 நவம்பர் 22 அன்று பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து 6 பேர் உயிரிழந்தார்கள், கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. ஒரு வாரம் ஆவதற்குள், 28ஆம் திகதி, டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கம்பளை, நுவரெலியா, பதுளைப் பக்கம் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, பாதை இல்லை. அந்த நாட்களில் பள்ளி, கோயில், சேர்ச் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் பொதிகள் குவிந்தன. அல்ஹம்துலில்லாஹ், அந்த மனம் எமது வட்டாரத்தின் சொத்து.

ஆனால் பொதிகளைக் கொண்டுபோகும் வாகனத்தைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. யாரிடமாவது டபள் கெப் இருக்கிறதா என்று கேட்கிறோம். கிடைத்தால் பின்னால் ஒரு ட்ரெய்லரைக் கொளுவுகிறோம். தண்ணீர்த் தாங்கி, ஜெனரேட்டர், கிணறு இறைக்கும் பம்பு, சில வேளை ஒரு படகு. முன்னால் பேனர், பின்னால் சுமை. பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுகிறோம். இன்று எமது பகுதியில் ஓடும் டபள் கெப்களில் பெரும்பகுதி ஒட்டோ கியர். ஒட்டோ கியருக்குப் பெரிய எதிரி சூடு. அந்தச் சூட்டைப் பார்க்கும் பொறுப்பு எந்த நிவாரணக் குழுவிலும் யாரிடமும் ஒப்படைக்கப்படுவதில்லை.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரவல் வாகனம் ஓர் அமானிதம். அதன் கியர் பொக்ஸ் சூட்டைக் கவனிப்பது, பொதிகளை எண்ணுவதற்குச் சமமான கடமை. அதைச் செய்ய முடியாத குழு ட்ரெய்லர் கொளுவக் கூடாது. லொறி பிடிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம் என்றால், எமது வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்த ஒரு கதை இருக்கிறது. ஆளின் பெயரோ குழுவின் பெயரோ இங்கே தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளத்தின்போது, சிறிதாகக் கேட்டரிங் தொழில் செய்யும் ஒரு தமிழ் அண்ணன், தனது கெப்பை ஒரு முஸ்லிம் நிவாரணக் குழுவுக்குக் கொடுத்தார். காசு கேட்கவில்லை, டீசலும் அவரே அடித்துக் கொடுத்தார். றம்பொடை ஏற்றத்தில், பின்னால் தண்ணீர்த் தாங்கியோடு போகும்போது டாஷ்போர்டில் கியர் ஒயில் சூட்டு விளக்கு எரிந்தது. ஓட்டிய தம்பிக்கு அந்த விளக்கு என்னவென்று தெரியாது. மேலே சனம் காத்திருக்கிறதே என்ற தவிப்பில் அழுத்திக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. பின்னால் வாகன வரிசை. சாமான்கள் இன்னொரு லொறிக்கு மாற்றப்பட்டு, பகலில் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் இரவில்தான் போனது.

அந்த அண்ணனின் கியர் பொக்ஸைக் கழற்றித் திருத்த வாரக்கணக்கானது. அதுவரை அவர் வாடகை வானில் சாப்பாடு அனுப்பினார். குழுவில் ஒருவர் சொன்ன பதில், "நல்ல காரியத்துக்குப் போன வண்டிதானே". அடுத்த முறை வெள்ளம் வந்தபோது அவர் அரிசி கொடுத்தார், பருப்பு கொடுத்தார். வண்டி கேட்டபோது, "கராஜில நிக்குது தம்பி" என்றார். வண்டி வாசலில் நின்றது எல்லாருக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. கியர் பொக்ஸைத் திருத்தலாம். இந்த இழப்பை எந்தக் கராஜிலும் திருத்த முடியாது.

இனி, சூடு எப்படி வருகிறது என்று பார்ப்போம். வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறோம்.

இரண்டு மேசை விசிறிகளை முகத்துக்கு முகம் வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலும். ஒட்டோ கியரில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையில் இருக்கும் டோர்க் கன்வேர்ட்டர் இந்த மாதிரித்தான் வேலை செய்கிறது. காற்றுக்குப் பதிலாக அங்கே ஒயில். முதல் விசிறி வேகமாகவும் இரண்டாவது மெதுவாகவும் சுற்றும்போது, இடைப்பட்ட வித்தியாசம் முழுவதும் ஒயிலில் சூடாக மாறுகிறது. சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும். அப்போது சூடு குறைவு. சுமையோடு, மெதுவாக, ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அந்தப் பூட்டு விழாது. அங்கேதான் ஒயில் கொதிக்கத் தொடங்குகிறது.

இதில் மிக மோசமானது, ஏற்றத்தில் வாகன வரிசையில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் அக்சிலேட்டரை மெல்ல மிதித்து வண்டியைப் பிடித்து வைத்திருப்பது. வண்டி நகரவில்லை, ஆனால் எஞ்சின் வேலை செய்கிறது. அந்த வேலை முழுவதும் ஒயிலுக்குள்ளேயே சூடாகப் போகிறது. கடுகண்ணாவையில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட எத்தனை பேர் இதைச் செய்கிறோம்?

சுமைக் கணக்கையும் பார்ப்போம். ஒரு டபள் கெப்பின் சொந்த எடை சுமார் 2,000 கிலோ. ஒரு குடும்பத்துக்கான உலர் உணவுப் பொதி 10 கிலோ என்றால் 100 பொதி 1,000 கிலோ. உள்ளே ஐந்து பேர், சுமார் 350 கிலோ. டபள் கெப் சுமக்கக்கூடியது பொதுவாக ஒரு தொன் அளவுதான், அதில் ஆட்களின் எடையும் சேர்த்தி. அதாவது ட்ரெய்லர் கொளுவ முன்பே எல்லையைத் தாண்டிவிட்டோம். பிறகு 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி 1,000 கிலோ, ட்ரெய்லர் ஒரு 300 கிலோ. மொத்தம் 4,650 கிலோ.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து அந்தச் சுமையை அங்கே தூக்கத் தேவையான சக்தியை மட்டும் கணக்கிட்டால், 30 பாகையில் இருக்கும் 290 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வெறும் வண்டியென்றால் 125 லீற்றர். ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம்: திணிவு, 9.8, உயரம். இவ்வளவு சக்தியும் கியர் பொக்ஸ் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு வழியிலேயே ஒயிலில் சூடாக நிற்கிறது. அந்த ஒயிலோ மொத்தமாகவே பத்து லீற்றர் அளவுதான்.

ஒட்டோ ஒயில் சாதாரணமாக 80 முதல் 95 பாகை செல்சியஸில் வேலை செய்யும். கராஜ்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 80 பாகைக்கு மேல் ஒவ்வொரு 11 பாகை கூடும்போதும் ஒயிலின் ஆயுள் பாதியாகும். 115 பாகையளவில் உள்ளே பசைபோல் படியத் தொடங்கும். 127இல் சீல்கள் இறுகும். 146க்குப் போனால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும், பிறகு கருகும். இன்றைய சிந்தெடிக் ஒயில்கள் இதைவிடக் கொஞ்சம் தாங்கும். ஆனால் எமது வண்டிகளில் இருப்பது இன்றைய ஒயிலா? 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய வண்டிகளைத்தான் ஓட்டித் தேய்த்தோம். "இந்த ஒயில் ஆயுளுக்கும் போதும், மாற்றத் தேவையில்லை" என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு தடவைகூட மாற்றாத கெப்கள் ஏராளம். அந்த வண்டியைத்தான் நாம் நிவாரணத்துக்கு இரவல் வாங்குகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? எமது யோசனைகள் இவை. பஞ்சிகாவத்தையில் கடை வைத்திருப்பவர்களும், கராஜ் பாஸ்மாரும், நீண்ட தூரம் ஓட்டும் சாரதிமாரும் கீழே திருத்திச் சொல்லுங்கள்.

1. முதலில் லொறி. அரிசி, பருப்பு, உடுப்பு, போத்தல் தண்ணீர் எல்லாம் லொறியில் போகட்டும். ட்ரெய்லரில் போக வேண்டியது ட்ரெய்லராகவே வரும் சாமான் மட்டும்: படகு, பெரிய ஜெனரேட்டர், பம்பு. தண்ணீர்த் தாங்கியை வெறுமையாகக் கொண்டுபோய், நல்ல தண்ணீர் கிடைக்கும் மிகக் கிட்டிய ஊரில் நிரப்புங்கள். கொழும்புத் தண்ணீரை ஒரு தொன் கணக்கில் மலையில் ஏற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

2. எடையை எழுதுங்கள். பொதி எத்தனை, ஆள் எத்தனை, ட்ரெய்லர் எவ்வளவு என்று ஒரு தாளில் கூட்டுங்கள். சொந்த பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு, பல டபள் கெப்களின் கைநூலில் இருக்கும் எல்லை 750 கிலோ. வெளிநாட்டு விளம்பரத்தில் வரும் 3,000, 3,500 கிலோ எல்லாம் ட்ரெய்லருக்கும் பிரேக் இருந்தால்தான். நாம் இங்கே கொளுவும் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. சுமையை எல்லாம் பின்னுக்குத் தள்ளி ஏற்றாதீர்கள், ட்ரெய்லர் வால் ஆட்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு எடை கொக்கியில் இறங்க வேண்டும்.

3. புறப்பட முன் ஒயிலைப் பாருங்கள். மண்ணிறமாகி, கருகிய வாசம் அடித்தால் அந்த வண்டி இழுவைக்கு வேண்டாம். உரிமையாளரிடம் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. மாற்ற வேண்டுமென்றால் குழு மாற்றிக் கொடுக்கட்டும், கைநூலில் சொல்லும் வகை ஒயிலையே போடுங்கள். ரேடியேட்டரில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் கழுவுங்கள், பல வண்டிகளில் கியர் ஒயில் ஆறுவது ரேடியேட்டருக்குள்தான். அடிக்கடி இழுக்கும் வண்டியென்றால் தனியான ஒயில் கூலர் பூட்டுவது நல்ல முதலீடு.

4. சூட்டைக் கண்ணால் பாருங்கள். சில கெப்களில் கியர் ஒயில் சூட்டைத் திரையிலேயே காட்டும். சிலவற்றில் விளக்கு மட்டும்தான், அதுவும் நிலைமை முற்றிய பிறகே எரியும். ஸ்டேரிங்குக்குக் கீழே சொருகி போனில் பார்க்கும் சிறிய ஸ்கேனர்கள் இருக்கின்றன, பல வண்டிகளில் அவை கியர் ஒயில் சூட்டையும் வாசிக்கும். ஒரு பள்ளிக்கு ஒன்று இருந்தால் போதும். முன் ஆசனத்தில் இருக்கும் தம்பிக்கு அதுதான் வேலை, செல்பி பிறகு. 100 பாகை வரை போகலாம். 110ஐத் தாண்டினால் வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். 120 என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். வண்டியின் கைநூல் இதைவிடக் குறைவாகச் சொன்னால் கைநூலே தீர்ப்பு.

5. ஓட்டும் முறை. சுபஹ் தொழுதவுடன் கிளம்புங்கள். கேகாலை, மாவனெல்லை நெரிசலுக்கு முன் கடந்துவிட்டால், ஏற்றத்துக்கு வரும்போது ஒயில் ஏற்கெனவே சூடாகி இருக்காது. ஏற்றத்தில் டி-யில் போட்டு விட்டுவிடாதீர்கள். இழுவை மோட் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கையால் கீழ் கியருக்கு எடுங்கள். எஞ்சின் சத்தம் கூடினாலும் பரவாயில்லை, கியர் பொக்ஸ் ஆறுதலாக இருக்கும். கியர் மேலும் கீழும் மாறி மாறித் துள்ளினால் ஒவ்வொரு மாற்றமும் சூடுதான். முன்னால் லொறி ஊர்ந்தால் ஒட்டிக்கொண்டு போகாமல் இடைவெளி விடுங்கள். நின்றால் பிரேக்கில் நில்லுங்கள்.

6. சூடு ஏறி நிறுத்தினால் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். பார்க்கில் போட்டு, ஏ.சி.யை நிறுத்தி, எஞ்சினை ஓட விடுங்கள். ஒயில் சுற்றி வந்தால்தான் ஆறும், அணைத்தால் சூடு உள்ளேயே அடைபடும். எஞ்சினின் தண்ணீரே கொதித்தாலோ, ஒயில் ஒழுகினாலோ அது வேறு விஷயம், அப்போது அணைக்கத்தான் வேண்டும்.

7. இறக்கத்தை மறக்காதீர்கள். ஏற்றிய சக்தி முழுவதும் இறங்கும்போது திரும்பி வரும். பிரேக்கை மட்டும் நம்பினால் அந்தச் சூடு பிரேக்கில் இறங்கும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நுவரெலியாவில் நின்று யாருக்காவது உதவி செய்துவிட்டு, றம்பொடைப் பள்ளத்தில் நாமே ஒரு செய்தியாகிவிடக் கூடாது.

8. ஹைப்ரிட் கார், இரட்டைக் கிளட்ச் கார், சிறிய சி.வி.ரி. கார்களில் எதையும் கொளுவாதீர்கள். தனியாக மலையேறும்போதே நெரிசலில் சூட்டு எச்சரிக்கை காட்டும் வண்டிகள் இவற்றில் உண்டு. மெனுவல் கெப் வைத்திருப்பவர்களும் பெருமைப்பட வேண்டாம். ஏற்றத்தில் அரைக் கிளட்சில் பிடித்து நின்றால் கிளட்ச் தட்டு கருகும், அந்த வாசம் உங்களுக்கே தெரியும்.

இனி காசு விஷயம். இதைப் பேசத்தான் எல்லாரும் கூச்சப்படுகிறோம். நிவாரணத்துக்கென்று சேர்த்த காசில் வண்டி திருத்தலாமா என்ற கேள்வி வரும். கொடுத்தவர் அரிசிக்கென்று கொடுத்திருப்பார், சிலர் ஸகாத் என்று கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துக் கியர் பொக்ஸுக்குப் போடுவது சரியல்ல. அதற்காக வண்டிக்காரர் தலையில் கட்டுவதும் சரியல்ல. வழி ஒன்றுதான். தொடங்கும்போதே "வாகனச் செலவு" என்று தனிக் கணக்கு வைத்து, ஜும்ஆவுக்குப் பிறகு வெளிப்படையாக அறிவியுங்கள். விரும்பியவர்கள் அதற்கென்றே கொடுப்பார்கள். விவரத்தை ஆலிம்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கும்போது உரிமையாளரோடு ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன ஏற்றுவோம், எதுவரை போவோம், யார் ஓட்டுவார், பழுதானால் யார் பொறுப்பு. ட்ரெய்லர் கொளுவினால் இன்ஷூரன்ஸ் செல்லுமா என்று அவரையே ஒரு கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் எம்முடையது. பல இலட்சம் பெறுமதியான வண்டியை வாய்ப்பேச்சில் வாங்குவது எந்த வகையில் சேர்த்தி?

"அவசரத்தில் இதெல்லாம் பார்க்க நேரமா? நிய்யத் சரியென்றால் அல்லாஹ் கொண்டு சேர்ப்பான்" என்று சில நாநாமார் சொல்வார்கள். அவர்களின் ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. எடையைக் கூட்ட அரை மணித்தியாலம், ஒயிலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். றம்பொடையில் வண்டி நின்றால் போவது முழு நாள். மண்சரிவுக்குப் பிறகு பாதி திறந்த ஒற்றை வழிப் பாதையில் உங்கள் வண்டி நின்றால், பின்னால் வரும் அம்பியூலன்ஸும் நிற்கும். அவசரம் என்பதாலேயே இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வாதமும் உண்டு. "இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் வண்டி தர மாட்டார்கள்". எமக்கு மறுபக்கம் தோன்றுகிறது. "அண்ணே, ஒயில் நாங்க மாத்தித் தாறோம், 120க்கு மேல போனா நிறுத்துவோம், ஏதும் நடந்தா இந்தக் கணக்கில இருந்து திருத்தித் தருவோம்" என்று சொல்லிப் போகும் குழுவுக்குத்தான் அடுத்த முறையும் சாவி கிடைக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் ஒரே ஒழுங்கையில் வாழ்கிறோம். ஒரு தமிழ் அண்ணன், ஒரு சிங்கள முதலாளி, ஒரு கிறிஸ்தவ அன்ரி எமது பள்ளியை நம்பி வண்டியைத் தரும்போது அவர்கள் தருவது இரும்பை மட்டும் அல்ல.

ஒவ்வொரு பள்ளியிலும், கோயிலிலும், சேர்ச்சிலும், சங்கத்திலும் அடுத்த பருவ மழைக்கு முன் ஒரு மாலை இதற்கென்று கூடுவோம். ஒரு கராஜ் பாஸை அழைத்து, ஒரு கெப்பை நடுவில் நிறுத்தி, இளைஞர்களுக்குக் காட்டச் சொல்வோம்: விளக்கு எது, ஒயில் எங்கே, கீழ் கியர் எப்படி. ஓட்டத் தெரிந்த சகோதரிகளும் வரட்டும். இடம் தேவையென்றால் எமது பாடசாலை மண்டபத்தைக் கேட்டுப் பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் பகுதியில் இழுவைக்கு ஏற்ற, ஒயில் மாற்றிய, பிரேக் உள்ள ட்ரெய்லர் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால், அவரிடம் கேட்டுவிட்டு உங்கள் பள்ளி நிர்வாகத்துக்குச் சொல்லி வையுங்கள். நிவாரணக் குழுக்களில் இருப்பவர்களுக்கு இதைப் பகிருங்கள்.